வெள்ளம் வடிந்த பிறகு விழும் கரை: செடியும் தென்னைநாரும் வைத்துக் காப்பது எப்படி?

வெள்ளம் பெருக்கெடுத்து ஓடுகிற அன்றைக்குக் கரை பெரும்பாலும் நின்றுவிடும். தண்ணீர் வடிந்து, அப்பாடா என்று எல்லாரும் வீட்டுக்குப் போன மறுநாள்தான் ஒரு துண்டு பொத்தென்று உள்ளே விழும், வரப்போடு, வாழையோடு. திருநெல்வேலிப் பக்கம், சேரன்மகாதேவியிலிருந்து சீவலப்பேரி வரை ஆற்றோரம் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் இந்தப் பேச்சைக் கேட்காத டீக்கடை இருந்திருக்காது.

ஏன் வடிந்த பிறகு விழுகிறது? வெள்ளத்தில் கரை மண் ஊறிப் பாரமாகிவிடும். அந்தப் பாரத்தை எதிர்ப்பக்கமிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். மழை நின்று ஆறு சட்டென்று இறங்கினால் முட்டு போய்விடும். மண்ணுக்குள் இருக்கிற தண்ணீரோ அவ்வளவு வேகமாக வெளியே வராது. கீழே ஏற்கெனவே நீரோட்டம் குடைந்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வேலை கரையடியில் தொடங்க வேண்டும். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். மேலே வரிசையாக மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துவிட்டுப் போகிறோம். அடியில் பிடிமானம் இல்லாத கரையில் மேலே நிற்கிற மரம் கூடுதல் பாரம், அவ்வளவுதான்.

எந்த இடத்துக்கு இது சரிப்படும்

ஆள் உயரத்துக்குள் இருக்கிற கரை, 50 அடி, 100 அடி நீளம், கால்வாய், ஓடை, பச்சையாறு, சிற்றாறு, கடனாநதி போன்றவற்றில் ஓட்டம் மிதமாக உள்ள பகுதி. இவற்றுக்குத்தான் இந்த முறை. பெரிய ஆற்றின் வெளிவளைவில், கசம் (ஆழமான மடு) விழுந்து, இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கரையில் நொச்சிக் குச்சியோடு போய் நிற்காதீர்கள். பாலத்துக்கும் படித்துறைக்கும் பக்கத்திலும் வேண்டாம். மணல் போய் ஆற்றின் தரையே தாழ்ந்த இடங்களிலும் செடி தனியாக நிற்காது. அங்கே கல்வேலை தெரிந்த பொறியாளர்தான் வர வேண்டும்.

ஆறும் கால்வாயும் நீர்வளத்துறை பொறுப்பு. கரையைச் சீவப் போகிறோம் என்பதால், உங்கள் பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டே மண்வெட்டியைத் தொடுங்கள். அக்கரைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. காங்கிரீட் சுவர் கட்டினால் தண்ணீர் அதில் மோதி அவர் பக்கம் திரும்பும். செடி நட்டால் ஓட்டம் கரையோரம் வேகம் குறையும். இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே விளக்கிவிட்டால் பின்னால் சண்டை வராது.

எப்போது

தை, மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், ஆறு இறங்கிக் கரையடி கண்ணுக்குத் தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜூன் வாக்கில் கார் சாகுபடிக்கு அணை திறந்தால் அந்தக் கவலையும் குறையும். ஐப்பசி மழைக்குள் வேருக்கு எட்டு மாதம் கிடைத்துவிடும். புரட்டாசியில் நட்டுவிட்டு ஐப்பசியில் கரை நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

படி 1: கரையைப் படிப்பது

தண்ணீர் குறைவாக இருக்கும்போது கரையோரமாக நடந்து பாருங்கள். மேலே விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடுகிறதா? அந்த வெடிப்பு வரைக்கும் உள்ள மண் அடுத்த மழைக்குப் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். மரவேர் அந்தரத்தில் தொங்குகிறதா? கீழே குடைந்திருக்கிறது. புதர்களில் சிக்கிக் காய்ந்த சருகும் பிளாஸ்டிக் பையும் எந்த உயரத்தில் இருக்கின்றன? அதுதான் போன வெள்ளத்தின் மட்டம்.

செங்குத்து மணல் கரையில் வரிசையாகச் சின்னப் பொந்துகள் இருந்தால் மீன்கொத்தியோ பஞ்சுருட்டானோ கூடு வைத்திருக்கலாம். அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

பிறகு கரையை மூன்று பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எப்போதும் ஈரமாக இருக்கும் அடிப்பட்டை, மழைக்காலத்தில் மட்டும் முழுகும் நடுப்பட்டை, பெருவெள்ளத்தில் மட்டும் நனையும் மேல்பட்டை. எந்தச் செடி எங்கே என்பதை இந்தப் பிரிவுதான் முடிவு செய்யும். கரையைச் சீவி முடித்ததும் (படி 3), புது விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி நாலைந்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு முளையிலிருந்து விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால் கரை எவ்வளவு போயிற்று என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

படி 2: சாமான் சேர்ப்பது

பச்சை நொச்சிக் கம்புகள், பாய்க்கோரைக் கிழங்கு, நாணல் தூர், வெட்டிவேர் நாற்று, மூங்கில் முளை, தென்னைநார் வலை, தேங்காய்க் கயிறு. ஆயுதம் என்றால் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், மரச் சுத்தியல். நைலான் கயிறு வேண்டாம். பிளாஸ்டிக் சாக்கில் மணல் நிரப்பி அடுக்குவதும் வேண்டாம். வெயிலில் நைந்து கிழிந்து, மணலும் போய், சாக்கும் ஆற்றோடு போகும்.

நார் வலையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் விற்கிறார்கள். 400, 700, 900 என்று வரும். ஆற்றங்கரைக்கு 700க்குக் குறைந்து வாங்காதீர்கள். தென்னைநாரில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத பொருள் அதிகம் என்பதால் சணலைவிட மெதுவாகத்தான் மக்கும். இரண்டு, மூன்று வருடம் தாங்கும். அதற்குள் வேர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

படி 3: சரிவாகச் சீவுவது

செங்குத்துக் கரையில் எதுவும் பிடிக்காது. ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டு அடி அகலம் வருகிற மாதிரி மேலிருந்து சீவுங்கள். ஆம், உங்கள் நிலத்தில் சில அடி போகும். வெட்டிக் கொடுக்காவிட்டால் ஆறு தானாக எடுத்துக்கொள்ளும், அதுவும் கூடுதலாக. வெட்டிய மண்ணை ஆற்றில் தள்ளாமல் மேலே வாரிப் போடுங்கள். கரைக்கு மேலே ஒரு சின்ன வரப்பாக அது பயன்படும். வயல் தண்ணீர் கரை வழியே வழிந்து இறங்குவதும் அரிப்புக்கு ஒரு காரணம். அதை இந்த வரப்பு தடுத்து, ஒரே இடத்தில் கல் பாவிய வாய் வழியாக இறக்கிவிடும்.

படி 4: கரையடிக் கட்டு

இங்கே அவசரப்படக் கூடாது. பச்சை நொச்சிக் கம்பையும் நாணல் தட்டையையும் கலந்து, நுனியும் அடியும் மாறி மாறி வருமாறு விறகுக்கட்டு போல நீளமாக அடுக்குங்கள். ஒரு கட்டு 8 முதல் 12 அங்குலப் பருமன், 8 முதல் 10 அடி நீளம் இருக்கட்டும். ஒன்றரை அடிக்கு ஒரு இடத்தில் தேங்காய்க் கயிற்றால், முழங்காலை வைத்து அழுத்தி, இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் முதல் வெள்ளம் குச்சி குச்சியாக உருவிவிடும்.

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கரை நீளத்துக்கும் ஆழமில்லாத பள்ளம் எடுத்து, கட்டின் பாதி உயரம் உள்ளே இருக்கும்படி வையுங்கள். இரண்டு அல்லது மூன்று அடிக்கு ஒரு மூங்கில் முளையைக் கட்டின் நடுவே இறக்குங்கள். முளை 3 அடி நீளமாவது வேண்டும். பிறகு ஈர மண்ணைப் போட்டு, குச்சிகளின் இடுக்கெல்லாம் நிரம்பும்படி மிதித்து விடுங்கள். கட்டின் முதுகு லேசாக வெளியே தெரிந்தால் போதும். இடுக்கில் மண் போகாவிட்டால் நொச்சி காய்ந்த குச்சியாகவே இருக்கும். மண் போனால் சில வாரத்தில் கணுவுக்குக் கணு தளிர் வரும்.

கட்டுக்கும் கீழே, தண்ணீர் தொடுகிற இடத்தில் குடைச்சல் இருந்தால் உருண்டைக் கல்லை அந்தப் பள்ளத்தில் அடுக்கி நிரப்புங்கள். கல்லும் இயற்கைப் பொருள்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் இரண்டு முனைகள். மேல்முனையையும் கீழ்முனையையும் கரைக்குள் 3 அடியாவது வளைத்துப் புதைத்துவிடுங்கள். வெட்டவெளியில் முனையை விட்டால் தண்ணீர் அதன் பின்பக்கம் புகுந்து, கட்டைத் தனியாக நிற்க வைத்துவிட்டுக் கரையை மட்டும் கொண்டுபோகும்.

படி 5: நார் வலை

மேலே ஒரு அடி ஆழத்துக்குக் காடி எடுத்து வலையின் தலைப்பை அதில் வைத்து மூடி, ஆற்றை நோக்கி உருட்டி இறக்குங்கள். அடுத்த துண்டோடு அரையடி மேல்படிய வேண்டும். ஓட்டம் வருகிற பக்கத்துத் துண்டுதான் மேலே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் விளிம்பைத் தூக்கிக் கிளப்பிவிடும். வலையை விறைப்பாக இழுக்காதீர்கள். மண்ணின் மேடுபள்ளத்தில் ஒட்டிப் படியட்டும். 3 அடிக்கு ஒரு முளை.

படி 6: நடவு

அடிப்பட்டையில் கோரையும் நாணலும். பத்தமடைப் பாய்க்கு அறுக்கிறார்களே, அந்தக் கோரை இந்த ஆற்றோரத்துச் செடிதான். வெள்ளம் வந்தால் படுத்துக்கொள்ளும், போனதும் எழுந்துவிடும். நாணல் மணலை இறுக்கிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் வயல் பக்கம் நட்டுவிடாதீர்கள். உள்ளே வந்துவிட்டால் பேரன் காலத்திலும் போகாது.

நடுப்பட்டையில் நொச்சிப் போத்து. கட்டைவிரல் பருமனில், இரண்டரை முதல் 3 அடி நீளத்தில், முற்றிய கம்பாகப் பாருங்கள். அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டுங்கள். கூட வேலை செய்கிற புது ஆள் தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இந்த அடையாளம் போதும். கடப்பாரையால் துளை போட்டு, நாலில் மூன்று பங்கு மண்ணுக்குள் போகும்படி இறக்கி, சுற்றிலும் மண்ணைக் குத்தி இறுக்குங்கள். போத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நின்றால் வேர் விடாது. மேல்வெட்டில் கொஞ்சம் சாணி அப்பிவிட்டால் உலராமல் இருக்கும். இரண்டடி இடைவெளியில், முன்வரிசை இடைவெளிக்கு நேரே பின்வரிசைப் போத்து வரட்டும். வெட்டிய அன்றே நடுங்கள். முடியாவிட்டால் அடிப்பக்கம் கால்வாய்த் தண்ணீரில் நனைந்து கிடக்கட்டும். ஆடு நொச்சியை அவ்வளவாகச் சீண்டாது என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி.

அதே பட்டையில், நல்ல வெயில் விழும் இடமாக இருந்தால், வெட்டிவேர். தென்னந்தோப்பு நிழலில் நடுவது வீண். தூரை இரண்டு மூன்று சிம்பாகப் பிரித்து, இலையை முக்கால் அடி விட்டு நறுக்கி, வேரைச் சாணிக் கரைசலில் முக்கி, வலையின் கண் வழியே, அரையடிக்குள் ஒன்றாகக் கரை நீளவாக்கில் ஒரே மட்டத்தில் நடுங்கள். மேலிருந்து கீழாக வரிசை பிடித்தால் அதுவே தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும். உயரத்தில் 3 அடிக்கு ஒரு வரிசை போதும். நல்ல மண்ணில் முதல் வருடத்திலேயே வேர் 10 அடி ஆழம் வரை நேராக இறங்கும். விதை போட்டுப் பரவாத தென்னிந்திய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். வேருக்கு நல்ல விலை இருக்கிறதென்று பிறகு தோண்டி எடுக்க நினைத்தால், இந்த வேலையை இப்போதே விட்டுவிடலாம்.

மேல்பட்டையில்தான் மரம், அதுவும் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி. மருது, புங்கன், நாவல், நீர்க்கடம்பு, இலுப்பை. மருது எப்படிக் கரையைக் கவ்வும் என்று பார்க்க ஆசை என்றால், கடனாநதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூருக்குப் போய் வாருங்கள். கோயிலின் தலமரமே மருதுதான். பறவைகளுக்காக 2005ல் அந்த ஊர் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கால்வாய் ஓரமென்றால் தாழையும் நன்றாகப் பிடிக்கும். பாம்பு வரும் என்று வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது உங்கள் பாடு.

நடக்கூடாதவை: சீமைக்கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு, சுபாபுல். காட்டாமணக்கு குச்சியை எறிந்தாலே முளைக்கும் என்பதால் ஆசை காட்டும். இரண்டு வருடத்தில் கால்வாயையே அடைத்துவிடும். விளிம்பு வரை வாழை வைப்பதையும் நிறுத்துங்கள். வாழைக்கு ஆழமான வேர் கிடையாது, தண்ணீர்ப் பாரம் மட்டும் உண்டு.

படி 7: முதல் வருடக் காவல்

முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு கோடை முடியும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தை அடைக்காதீர்கள். அடைத்தால் அது வேறு வழி கண்டுபிடித்து நடவுக்குள் இறங்கும். அந்த ஒரு தடத்தில் மட்டும் கல் பாவிக் கொடுத்து, மற்ற இடத்துக்குக் காய் இல்லாத, நன்றாகக் காய்ந்த கருவேல முள்ளை வெட்டி வேலி போடுங்கள்.

ஒரு மாதத்தில் பட்டுப்போன இடங்களில் மறுநடவு. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவேரை ஒன்றரை அடிக்கு நறுக்கினால் பக்கச் சிம்பு வெடித்து வேலி நெருங்கும். நறுக்கியதை மரக்கன்றின் அடியில் மூடாக்காகப் போடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு பெரிய தண்ணீருக்குப் பிறகும் போய் இரண்டு முனைகளையும் முதலில் பாருங்கள். ஓரடி குடைந்திருந்தால் அன்றைக்கே கல்லும் சணல் சாக்கில் மண்ணும் வைத்து அடைத்துவிடுங்கள். முளைக்குச்சிக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தையில் நொச்சி ஆள் உயரம் வளர்ந்திருக்கும். இடுப்பளவுக்கு வெட்டி விடுங்கள். வெட்டிய கம்பு பக்கத்து 50 அடிக்குப் போத்தாகவும் கட்டாகவும் ஆகும்.