வன்னி வெய்யிலுக்கு ஜூனிப்பர் வேண்டாம், ஆலில் தொடங்குங்கள்

போன்சாய் என்பது சட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம். குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஜூனிப்பரில் செய்யும் போன்சாய்க்கு ஆண்டுதோறும் குளிர்கால ஓய்வு வேண்டும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அந்தக் குளிர் இல்லை. போதாததற்கு, செத்த பிறகும் அது வாரக்கணக்கில் பச்சையாகவே நின்று ஏமாற்றும். கிணற்றுக்கட்டு வெடிப்பில் தானாக முளைக்கும் ஆலங்கன்றே இங்கே தோது.

விரல் தடிப்புள்ள கன்றை ஐப்பசி மழை தொடங்கியதும் எடுங்கள். ஆணிவேரைக் குறுக்கலாம், ஆனால் மொத்த வேரில் மூன்றிலொன்றுக்கு மேல் வெட்டக்கூடாது. வடியும் பால் தோலைக் கடிக்கும், கவனம்.

மண்தான் முக்கியம். 3 முதல் 5 மில்லிமீற்றர் செங்கல் குறுணி 2 பங்கு, பருமணல் 1 பங்கு, கூட்டெரு 1 பங்கு. செங்கல் தூளை அரிதட்டில் சலித்து நீக்காவிட்டால் மார்கழி மழையில் மண் இறுகி, நீர் வடியாமல் வேர் அழுகும். தோட்ட மண்ணை அப்படியே போட்டாலும் இதே கதிதான். சட்டியின் அடியில் துளை இருக்கவேண்டும், அதன்மேல் வலைத்துண்டு.

இரண்டு வாரம் நிழல், பிறகு காலை வெய்யில். வீட்டுக்குள் வைக்காதீர்கள். மேல்மண் ஒரு சென்ரிமீற்றர் காய்ந்ததும், அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையும் மாலையும் தேவைப்படும்.

கிளையை வளைத்து வடிவமைக்க, புதுத்தளிர் முற்றிய பிறகே அலுமினியக் கம்பி சுற்றுங்கள். கம்பியின் தடிப்பு கிளைத் தடிப்பில் மூன்றிலொன்று போதும். ஆல் விரைவில் பருக்கும், நாலு வாரத்துக்குள் கம்பி பட்டையில் புதையத் தொடங்கலாம். கழற்றும்போது சுற்றை அவிழ்க்காமல் துண்டுதுண்டாக வெட்டியெடுங்கள்.