புது நாய் வந்த முதல் நாள்: பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

தத்தெடுத்த நாய் வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நமக்கு அணைப்பு என்றால் அன்பு. பழகாத நாய்க்கு அது மாட்டிக்கொண்ட உணர்வு. பிள்ளைகளை அமைதியாக உட்காரவைத்து, நாயே கிட்டே வந்து மோந்து பார்க்கட்டும் என்று விடுங்கள். வந்தால், தலைக்கு மேலே கை நீட்டாமல் மார்பிலோ தோளிலோ 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். மறுபடியும் ஒட்டி வந்தால் பிடித்திருக்கிறது. விலகினால் விட்டுவிட வேண்டியதுதான்.

பயந்த நாய் பெரும்பாலும் எடுத்தவுடன் உறுமிவிடாது. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். இவற்றை ஒரு விளையாட்டு போலக் கற்றுக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளும் கண்டுபிடிக்கப் பழகிவிடுவார்கள். உறுமினால் திட்டாதீர்கள். அது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கக்கூடும்.

அப்புறம், நாய்க்கென்று ஒரு மூலை, ஒரு படுக்கை. அங்கே படுத்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் யாரும் தொடக்கூடாது. சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒரு நிமிடம்தானே என்றாலும்கூட.