அரை மீட்டர் செம்புக் கம்பியில் எத்தனை அணு? வீட்டுத் தராசில் எண்ணிப் பார்ப்போம்

பருப்பொருள், அளவீடு, அணு அமைப்பு என்று வேதியியல் பாடப்புத்தகம் மூன்று அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரே ஒரு செம்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். கம்பியை நிறுக்கிறோம், அதன் கனஅளவைக் கண்டுபிடிக்கிறோம், அது செம்புதானா என்று சோதிக்கிறோம், உள்ளே எத்தனை அணு என்று எண்ணுகிறோம், கடைசியில் ஓர் அணுவின் குறுக்களவையும் கணக்கிட்டுவிடுகிறோம். ஒரு மாலைப்பொழுது போதும்.

தேவையானவை

எலக்ட்ரிக்கல் கடையில் எர்த்திங் போட விற்கும் 8-ஆம் நம்பர் கெட்டிச் செம்புக் கம்பி, 50 செ.மீ. தடிமன் ஏறக்குறைய 4.06 மி.மீ. இருக்கும். மோட்டார் காயில் கட்டும் கம்பி வேண்டாம், அதன் மேல் வார்னிஷ் பூச்சு உண்டு. 0.01 கிராம் வரை காட்டும், 500 கிராம் தாங்கும் சின்ன டிஜிட்டல் தராசு. உயரமான பிளாஸ்டிக் டம்ளர். தூண்டில் நரம்பு ஒரு முழம். ஆர்.ஓ. தண்ணீர். வெப்பமானி. நைசான உப்புத்தாள். ஒரு ஸ்கேல், உயரமாக அடுக்கக் கொஞ்சம் புத்தகங்கள்.

தூண்டில் நரம்புக்குப் பதில் பருத்தி நூலை எடுக்காதீர்கள். நூல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், ரீடிங் ஓரிடத்தில் நிற்காது. போர்வெல் தண்ணீரும் ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்பு தண்ணீரின் அடர்த்தியைக் கூட்டிவிடும்.

படி 1: கம்பியைச் சுத்தம் செய்யுங்கள்

உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, புளிக்கரைசலில் ஐந்து நிமிடம் போட்டு, கழுவித் துடைத்து உலர்த்துங்கள். செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கும் அதே வேலைதான். இந்த ஒரு காரியத்திலேயே பருப்பொருள் பாடத்தின் பாதி வந்துவிடுகிறது. செம்பு ஒரு தனிமம், ஒரே வகை அணுக்களால் ஆனது. மேலே படிந்திருக்கும் கருப்பு, செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். பழைய குடத்தின் பச்சைக் களிம்பும் சேர்மம்தான். புளியில் உள்ள அமிலம் அந்தச் சேர்மத்தைக் கரைக்கிறது, அடியில் இருக்கும் செம்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. பித்தளை வேறு கதை. அது செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை, விகிதம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சேர்மத்துக்கு விகிதம் மாறாது, கலவைக்கு மாறும். பரீட்சையில் கேட்கும் வித்தியாசம் இதுதான்.

படி 2: சுருளாக வளையுங்கள்

ஒன்றரை செ.மீ. தடிமனுள்ள கோலில், மத்துக் காம்பு மாதிரி ஏதாவது ஒன்றில், கம்பியைச் சுற்றுங்கள். எட்டுச் சுற்று வரும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, இடையில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். வளைத்தாலும் வெட்டினாலும் செம்பு செம்பாகவே இருக்கிறது, இது இயற்பியல் மாற்றம். அதே கம்பியை அடுப்பில் காட்டினால் கருக்கும், அது வேதியியல் மாற்றம்.

படி 3: தராசை நம்பலாமா என்று பாருங்கள்

₹ குறியோடு 2011 முதல் 2018 வரை வந்த மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயத்தின் நிறை 6.00 கிராம். அதிகம் தேயாத ஐந்து நாணயங்களை ஒன்றாக வையுங்கள். 30.00-க்கு அருகில் காட்ட வேண்டும். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் அதே எண் வர வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. நான்கு முறை வைத்து 30.41, 30.40, 30.41, 30.41 என்று வந்தால் தராசு நுட்பமானது, ஆனால் துல்லியமானது இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்பு சொல்கிறது. இந்த ரகத் தப்பை அளவுத்திருத்தம் செய்து சரிபண்ணலாம். 29.7, 30.3, 30.0 என்று தாவினால் திருத்த வழியில்லை, மேசை ஆடுகிறதா, பேட்டரி தீர்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக மின்விசிறியை நிறுத்துங்கள். 0.01 கிராம் தராசுக்குக் காற்றே போதும், கடைசி இலக்கம் அலைந்துகொண்டே இருக்கும்.

படி 4: நிறை

சுருளை வையுங்கள். 50 செ.மீ. கம்பிக்கு 58 கிராம் சுமாருக்கு வரும். கணக்குக்காக 58.12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 22 கிராம்தான் காட்டுகிறதா? மேலே செம்பு பூசிய அலுமினியக் கம்பியைக் கொடுத்துவிட்டார்கள். மேற்கொண்டு சோதனையே தேவையில்லை, கடைக்குத் திரும்பலாம்.

படி 5: கனஅளவு

இங்கேதான் நிதானம் வேண்டும். வழக்கமான பள்ளிக்கூட வழி அளவு ஜாடி: 100 மி.லி. ஜாடியில் 70 வரை தண்ணீர் ஊற்றி, சுருளைப் போட்டு, எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது. தண்ணீரின் பிறைத்தளத்தின், அதாவது வளைந்த மேற்பரப்பின், அடிப்பகுதிக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் கிடைப்பது 76.5 போல ஓர் எண், அதாவது 6.5 மி.லி. அந்த ஜாடியில் கோடுகள் 1 மி.லி.க்கு ஒன்று. ஏற்றத்தில் அரை மி.லி. தவறு சாதாரணம். 58.12-ஐ 6.0-ஆல் வகுத்தால் 9.7, 7.0-ஆல் வகுத்தால் 8.3. சாதாரணப் பித்தளையின் அடர்த்தி 8.4 முதல் 8.7 வரை. ஆக, இந்த ஜாடியை வைத்துக்கொண்டு செம்பா பித்தளையா என்றுகூடச் சொல்ல முடியாது.

தராசிலேயே கனஅளவையும் எடுத்துவிடலாம். ஆர்க்கிமிடீஸ் வழி இது.

தண்ணீரை முன்னமே கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், கரைந்திருக்கும் காற்று போய்விடும். டம்ளரில் முக்கால் பங்கு ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே ஒரு துளி விடுங்கள். டம்ளரைத் தராசில் வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் 0.00 ஆகும். இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஸ்கேலை வைத்து, அதிலிருந்து தூண்டில் நரம்பில் சுருளைத் தொங்கவிடுங்கள். சுருள் முழுக்க முங்க வேண்டும். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. ஸ்கேலும் புத்தகமும் தராசைத் தொடக் கூடாது.

இப்போது தராசு 6.47 என்று காட்டும். 58 ஏன் காட்டவில்லை? சுருளின் எடையில் பெரும்பகுதியை நரம்பு தாங்குகிறது. தண்ணீர் சுருளை மேலே தள்ளுகிறது, அதே விசையோடு சுருள் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத்தான் தராசு படிக்கிறது. அதன் அளவு, சுருள் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். சுருள் அடியைத் தொட்டால் நரம்பு தளர்ந்து ரீடிங் சட்டென்று எகிறும், தப்பு உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஏமாற்றுவது குமிழி. 3 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு குமிழியின் கனஅளவு 0.014 மி.லி. ஒரு குமிழிக்கே கடைசி இலக்கம் ஒன்று கூடிவிடும், பத்துக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி 2 சதவீதம் குறைந்து வரும். நரம்பைப் பிடித்துச் சுருளை மேலும் கீழும் மெதுவாக ஆட்டி உதறுங்கள். சுருளின் உள்பக்கத்தைப் பாருங்கள், குமிழி ஒளிவது அங்கேதான்.

அடுத்து வெப்பநிலை. தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரியில் 0.9970, 30 டிகிரியில் 0.9957 கிராம்/மி.லி. தண்ணீர் 30 டிகிரி என்றால்:

கனஅளவு = 6.47 ÷ 0.9957 = 6.498 மி.லி.

படி 6: அடர்த்தி

58.12 ÷ 6.498. கால்குலேட்டர் 8.9443… என்று நீட்டிக்கொண்டே போகும். அத்தனையையும் எழுதக் கூடாது. 58.12-க்கு நான்கு முக்கிய எண்ணுருக்கள், அதாவது அளவீட்டில் நம்பத்தகுந்த இலக்கங்கள், 6.47-க்கு மூன்று. குறைந்ததுதான் விடைக்கும்: 8.94 கிராம்/மி.லி. கனஅளவை மட்டும் 6.498 என்று ஓர் இலக்கம் கூடுதலாக வைத்திருந்தது நடுவழியில் பிழை சேராமலிருக்க. சுருக்குவதைக் கடைசி வரியில் செய்யுங்கள்.

செம்பின் அடர்த்தி 20 டிகிரியில் 8.96. வித்தியாசம் 0.02. நம் 6.47-இல் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே விடை 0.014 நகரும், ஆகவே இது நல்ல பொருத்தம். 8.5 வந்தால் பித்தளையாக இருக்கலாம், அல்லது குமிழி. 7.9-ஐ ஒட்டி வந்தால் செம்பு பூசிய இரும்பு, காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

படி 7: அணுக்களை எண்ணுவது

உண்டியல் காசை ஒவ்வொன்றாக எண்ணாமல் நிறுத்து எண்ணலாம். ஒரு நாணயம் 6 கிராம், குவியல் 600 கிராம், ஆக நூறு நாணயம். அணுக்களுக்கும் இதே கணக்குத்தான். வெற்றிலைக்குக் கவுளி மாதிரி அணுவுக்கு மோல். ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³, இதுதான் அவகாட்ரோ எண். 2019 மே 20 முதல் இந்த எண் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டது. ஒரு மோல் செம்பின் நிறை 63.546 கிராம்.

58.12 ÷ 63.546 = 0.9146 மோல்
0.9146 × 6.022 × 10²³ = 5.508 × 10²³ அணுக்கள்

மின்கம்பிச் செம்பு 99.9 சதவீதத் தூய்மை உள்ளது என்பதால் 5.51 × 10²³ என்று நிறுத்திக்கொள்வது நியாயம்.

63.546 என்ற பின்னம் எங்கிருந்து வந்தது? எல்லாச் செம்பு அணுவிலும் 29 புரோட்டான்கள். அணு எண் 29 என்பதுதான் அதைச் செம்பாக்குகிறது. நியூட்ரான் மட்டும் மாறும்: 69.15 சதவீத அணுக்களில் 34, மீதி 30.85 சதவீதத்தில் 36. நிறை எண்கள் 63, 65. இவை செம்பின் ஐசோடோப்புகள். இங்கே நிறையப் பேர் செய்யும் தப்பு, 63-ஐயும் 65-ஐயும் வைத்துச் சராசரி போடுவது. 63.62 வரும், புத்தகத்தோடு ஒட்டாது. நிறை எண் என்பது புரோட்டான், நியூட்ரான் துகள்களின் எண்ணிக்கை, நிறை அல்ல. உண்மையான நிறைகள், அணு நிறை அலகில், 62.9296, 64.9278. அணுக்கருவாக இறுகும்போது ஆற்றலாக வெளியேறிய நிறை போய் மீந்தது இவ்வளவு. இவற்றை வைத்துப் போட்டால்:

62.9296 × 0.6915 + 64.9278 × 0.3085 = 63.546

படி 8: ஓர் அணுவின் அளவு

கனஅளவை எண்ணிக்கையால் வகுங்கள்: 6.498 ÷ (5.508 × 10²³) = 1.180 × 10⁻²³ க.செ.மீ. ஓர் அணுவுக்குக் கிடைக்கும் இடம் இது. அதைச் சின்னப் பெட்டி என்று எண்ணிக் கனமூலம் எடுத்தால் 0.228 நானோமீட்டர். எக்ஸ் கதிர் அளவீடு சொல்வதோ 0.256. எங்கே இடறியது?

அளவீடு சரிதான், பெட்டி என்று எண்ணியதுதான் தவறு. செம்பு அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியவை அல்ல. பழக்கடையில் எலுமிச்சையைக் கோபுரமாக அடுக்கும்போது மேல் வரிசைப் பழம் கீழ் வரிசைப் பள்ளத்தில் உட்காருமே, அந்த அடுக்கு. அப்படி அடுக்கினால் அதே இடத்தில் பெரிய உருண்டை கொள்ளும். இடத்தை √2-ஆல், அதாவது 1.414-ஆல் பெருக்கிவிட்டுக் கனமூலம் எடுங்கள்:

1.180 × 1.414 = 1.669, (1.669 × 10⁻²³)-இன் கனமூலம் = 2.56 × 10⁻⁸ செ.மீ. = 0.256 நானோமீட்டர்

கனமூலம் இங்கே நமக்குச் சாதகம். கனஅளவில் 3 சதவீதப் பிழை இருந்தாலும் அணுவின் அளவில் 1 சதவீதம்தான் தெரியும். அவகாட்ரோ எண்ணை வரையறுக்கும் முன் கடைசியாக அளந்தவர்களும், தூய சிலிக்கன்-28 உருண்டைகளை வைத்து இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். அணுக்களின் இடைவெளியை எக்ஸ் கதிரால் அளந்து, அதிலிருந்து எண்ணிக்கைக்கு வந்தார்கள்.

அணுவுக்குள்ளே

1909-இல் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள் மீது, கதிரியக்கத்தில் வெளிவரும் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது, பெரும்பாலானவை நேராகப் போய்விட்டன, மிகச் சில மட்டும் திரும்பி வந்தன. 1911-இல் ரூதர்ஃபோர்டு விளக்கம் கொடுத்தார்: நிறை கிட்டத்தட்ட முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில், அணுக்கருவில், குவிந்திருக்கிறது. செம்பின் அணுக்கரு அணுவைவிடச் சுமார் 26,000 மடங்கு சிறியது. நாம் அளந்த 0.256 நானோமீட்டரை 130 மீட்டர் கிரிக்கெட் மைதானமாகப் பெருக்கினால், அணுக்கரு நடுப்பிட்சில் கிடக்கும் ஒரு கொத்தமல்லி விதை.

29 எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றியுள்ள கூடுகளில் 2, 8, 18, 1 என்று அமர்கின்றன. 2, 8, 17, 2 என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. 18 நிரம்பிய கூடு அதிக நிலைப்பு உடையது, அதனால் வெளியே ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த ஒற்றை எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் கம்பி முழுக்க உலாவுவதால்தான் இந்தக் கம்பி எர்த்திங்குக்குப் போகிறது.

இனி கடைசிக் கணக்கு ஒன்று. ஓர் எலக்ட்ரானின் நிறை 0.000549 அணு நிறை அலகு. 29 எலக்ட்ரான்களுக்கு 0.0159. செம்பு அணுவின் 63.546-இல் இது 0.025 சதவீதம். சுருளின் 58.12 கிராமில் எல்லா எலக்ட்ரான்களும் சேர்ந்து 0.0146 கிராம். அத்தனையையும் வழித்தெடுத்து நம் தராசில் வைக்க முடிந்தால் அது காட்டப்போவது 0.01.