பழைய கல் அடுப்படியைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் பழைய வீடுகள் சிலவற்றில், கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய குசினிச் சுவரும், அதனோடு சேர்ந்த விறகடுப்பும் புகைக்கூடும் இன்னும் பாவனையில் இருக்கின்றன. இவற்றைத் திருத்துவோர் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் சீமெந்து பூசுவதாகும். சுவரிலுள்ள ஈரம் மென்மையான சுண்ணாம்புச் சாந்தின் வழியாகவே வெளியேறுகிறது. சீமெந்து அவ்வழியை அடைத்துவிடுவதால், ஈரமும் அதில் கரைந்த உப்பும் கல்லின் வழியாக வெளியேறி அதை அரிக்கின்றன. எங்கள் அடுப்படியில் சீமெந்துக் கோடுகள் அப்படியே துருத்தி நிற்க, நடுவே இருந்த முருகைக்கல் விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது.

கற்களுக்கு இடையிலுள்ள பழுதான பொருத்துகளைக் கையுளியால் ஓர் அங்குலமளவு தோண்டி, தூசி அகற்றி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல் கலந்த சாந்தை இறுக அடைக்க வேண்டும். கிட்டத்தில் கிடைக்கிறதென்று கடல்மணலைக் கலப்பது, உப்பை நாமே சுவருக்குள் வைப்பதாகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உள்வாங்கியே இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது இறுகுமுன்பே காய்ந்து பொடியாகிவிடுவதால், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு கிழமையாவது காக்க வேண்டும். மாரியில் தொடங்கினாலோ சுவர் உலராது. சாந்து நன்கு இறுகச் சில கிழமைகள் செல்லும்; அதுவரை அடுப்பு மூட்டக் கூடாது. நெருப்பு நேரே படும் உட்புறத்துக்குச் செங்கல்லும் களிமண்ணுமே ஏற்றவை.

பெயின்ற் விடயத்திலும் இதே தவறுதான் நடக்கிறது. எமல்ஷனோ எனாமலோ அடித்தால், உள்ளே அகப்பட்ட ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். வெள்ளையடிப்பதே நல்லது. சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, ஈரப்படுத்திய சுவரில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். தடிப்பாக ஒரே முறையில் அடித்தால் செதிலாக விழும்.

புகைக்கரியை முதலிலேயே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரி கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி எடுங்கள். கம்பித் தூரிகை கல்லைக் கீறும். எவ்வளவு எடுத்தாலும், ஊறிய புகையெண்ணெய் வெள்ளையின் மேல் மஞ்சளாகக் கசியும். ஆதலால் அடுப்புக்கு நேர்மேலே உள்ள கற்களைப் பூசாமல் விடுவதே என் விருப்பம்.

பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடுமாகையால், அதை உலர்வாக உரசித் தூசி கிளப்பாதீர்கள். சுண்ணாம்பு தெறித்தால் கண்ணைச் சுட்டுவிடும். வேலை முடியும்வரை பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.