குட்டையில் பொடி மீன் பிடிக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஈரோட்டுப் பக்கம் கீழ்பவானி பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நாள் போனால் போதும், கீழே இருக்கிற பள்ளங்களிலும் கசிவுநீர்க் குட்டைகளிலும் சம்புப் புல் ஓரமாகப் பொடி மீன்கள் வந்து நிற்கும். அயிரை, குள்ளக் கெண்டை, தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேலாகவே நீந்துகிற முண்டக்கண்ணி. தொட்டியில் விட நாலு மீன் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, நடுக்குட்டையைப் பார்த்து இறங்குவதுதான். அங்கே இருப்பது ஜிலேபியும் விராலும். பொடிசெல்லாம் அதுகளுக்குப் பயந்து புல் தூரில், கணுக்கால் தண்ணீரில் ஒளிந்திருக்கும். கரையிலேயே குத்த வைத்து உட்கார்ந்து, சல்லடையைப் புல்லுக்கு அடியில் மெதுவாக நுழைத்து, மறுகையில் ஒரு குச்சியால் புல்லை உலுக்கிவிட்டு நேராக மேலே தூக்குங்கள், அவ்வளவுதான் வேலை.

இறங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் குழி. ஜேசிபி விட்டு வண்டல் மண் அள்ளிய குளங்களில் ஓரத்தில் கணுக்கால் தண்ணீர் இருக்கும், ரெண்டு எட்டு வைத்தால் ஆள் மட்டத்துக்கு மேலே போய்விடும், மழை பெய்து நிரம்பிவிட்டால் மேலே பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள். வாய்க்காலுக்குள் இறங்கும் பேச்சே வேண்டாம். சரிவுக் கரை பாசி பிடித்து வழுக்கும், இழுப்பில் மாட்டினால் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது.

வெறுங்காலோடு போவதும் தப்பு. சீமைக்கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் இல்லாத குட்டையை நான் இதுவரை பார்க்கவில்லை. செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், அதனால் கயிறு கட்டிய பழைய ஷூ போதும். காலில் புண் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அந்தப் புண் வழியாக உள்ளே வந்துவிடும். குட்டைக்குப் போய் வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் தேளி. கருத்து, வழுவழுவென்று, மீசை வைத்து, பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும். பன்னிரண்டு வயதில் சல்லடையில் வந்த ஒன்றை இரண்டு கையாலும் பொத்தி எடுத்தேன். பக்கத்துத் துடுப்பில் இருக்கிற முள் கட்டைவிரலில் ஏறியது, தோள்பட்டை வரைக்கும் கடுத்தது. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒன்றும் பேசாமல் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சுடுதண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். இன்றைக்கும் வைத்தியம் அதுதான்: இன்னொரு கையால் சூடு பார்த்து, தாங்குகிற சூட்டில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். வீக்கம் ஏறினாலோ, முள் உள்ளே ஒடிந்துவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மீசை உள்ள எந்த மீனையும் கையால் தொடாமல் சல்லடையோடு அப்படியே கேனில் கவிழ்த்துவிடுங்கள், கெளுத்திக்கும் முள் உண்டு.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். திருப்பூருக்குக் கீழே நொய்யல் பக்கம் போகாதீர்கள். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கியே வீணாய்ப் போனது. மீன் உயிரோடு துள்ளுகிறதே என்று தண்ணீரை நம்பக்கூடாது. வெள்ளோடும் நஞ்சராயன் குளமும் பறவைகள் சரணாலயம், அங்கே சின்ன வலையோடு நின்றால்கூட வம்பு. மற்ற குளங்களில் பெரும்பாலும் மீன் குத்தகை எடுத்தவர் ஒருத்தர் இருப்பார், 'ஏனுங்ணா, பொடி மீன் நாலு புடிச்சுக்கட்டுங்களா' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். கேட்காமல் இறங்கினால்தான் சண்டை.

பிடித்த பிறகு கேனைக் கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுவது பெரிய தப்பு. குரவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றை முழுங்கித்தான் பிழைக்கும், முழுக்க நிரப்பினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பாதித் தண்ணீர், ஓட்டை போட்ட மூடி, வண்டியில் நிழல்.

வேண்டாத மீனை அந்தக் கரையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுத் தொட்டிக்கு வந்துவிட்ட மீனைத் திரும்பக் குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம், கடைமீனோடு இருந்தது நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கடைமீனையே கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. எங்கள் ஊர்க் குட்டையில் போன வருஷம் அயிரைக்கு வைத்த சல்லடையில் ஏறியது தொட்டிக்கென்று கடையில் விற்கிற சக்கர் மீன், கையளவில் இரண்டு.