ஆங்கிலத்தில் யோசித்து ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு ஒரு குறிப்பு

ஸ்பானிஷ் கற்பவர்கள் அதிகம் தடுமாறுவது 'ஐ ஆம்' என்று தொடங்கும் வாக்கியங்களில்தான். 'ஐ ஆம் ஹங்ரி' என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றாதீர்கள். ஸ்பானிஷில் பசி, தாகம், தூக்கம், குளிர், பயம் எல்லாம் ஒருவரிடம் 'இருக்கும்' விஷயங்கள். அதனால் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'எனக்குப் பசி இருக்கிறது'. வயதும் அப்படியே: 'தெங்கோ பெயின்தே அன்யோஸ்' என்றால் எனக்கு 20 வயது.

இதில் வெயிலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். புழுக்கமாக இருந்தால் 'தெங்கோ கலோர்' என்று சொல்லுங்கள். 'எஸ்தோய் கலியெந்தே' என்றால் காம உணர்வைக் குறிப்பதாக எடுத்துக்கொள்வார்கள்; புதியவர்கள் முன் பெரும் தர்மசங்கடம்.

'ஐ லைக்' வகை வாக்கியங்களுக்கு ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலிருந்தே போங்கள். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதும் 'மே குஸ்தா எல் கஃபே' என்பதும் ஒரே கட்டமைப்பு. கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம், பிடித்த பொருள் பன்மையானால் வினையும் மாறும்: 'மே குஸ்தான் லாஸ் மன்சானாஸ்', ஆப்பிள்கள் பிடிக்கும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்த நாட்டுக்காரரிடம் பேசுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 'உன் நினைவாகவே இருக்கிறது' என்பதற்கு ஸ்பெயினில் 'தே எச்சோ தே மெனோஸ்', மெக்சிகோவில் 'தே எக்ஸ்த்ரான்யோ'. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. அங்கே 'தொமார்' என்று சொல்லுங்கள்.