பூனை சாப்பிடாததற்குக் காரணம் மூக்கு

கொல்லிமலையில் இருக்கிறோம். பூனையை மருத்துவரிடம் காட்ட நாமக்கல் போக வேண்டும், 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி. அடைமழை, பஸ் இல்லை.

எங்கள் மீனா ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை. தும்மல், கண்ணில் நீர். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துத் தயிர்சாதம் வைத்தேன், பால் வைத்தேன், முட்டை வைத்தேன். எல்லாம் வீண். பக்கத்து வீட்டு அக்கா பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். நல்லவேளை கொடுக்கவில்லை. அது பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். கிண்ணத்தருகே ஓடி வருவாள், குனிவாள், திரும்பிவிடுவாள். மீன் துணுக்கை உதட்டில் தடவியதும் நக்கி விழுங்கினாள். பசி இருக்கிறது, வாசனைதான் தெரியவில்லை! பூனை மோந்து பார்த்துத்தான் தின்னும். மூக்குத் துளைகள் காய்ந்த சளியால் அடைத்திருந்தன.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சளியை ஊறவைத்துத் துடைத்தேன். குளியலறைக் கதவைச் சாத்தி, ஒரு வாளி வெந்நீரை எட்டாத இடத்தில் வைத்து, அவளை மடியில் வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். ஆவியில் தைலம் எதுவும் சேர்க்கவில்லை, பூனைக்கு ஆகாது. உப்பில்லாமல் வேகவைத்த மத்தியை இளஞ்சூடாக உதிர்த்து வைத்தேன். மணம் எழுந்தது, தின்றாள்!

தினம் மூன்று வேளை இதேபோல். மழை விட்டதும் நாமக்கல் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரல் கெடலாம், அதனால் சாப்பிட்ட பிறகும் காட்டாமல் விடவில்லை.